ரொறன்ரோவில் வீடு வாங்கிய அண்ணாவுக்கு எந்த அளவு ஸ்னோ புளோவர் பொருத்தம்?

இரண்டு கார் அகலமும் ஐம்பது அடி நீளமும் உள்ள டிரைவ்வேக்கு, அதாவது வீட்டு முன் கார்ப் பாதைக்கு, பனியை அள்ளித் தூர எறியும் இரண்டு நிலை இயந்திரத்தில் வாய் அகலம் 24 அங்குலம் எடுப்பதா, 28 அங்குலம் எடுப்பதா என்று உங்கள் அண்ணா கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். நான் இப்போது வெள்ளவத்தையில் இருந்தாலும், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் பதினொரு பனிக்காலம் அப்படியொரு இயந்திரத்தோடு காலை எழுந்தவன். 24 அங்குலம் போதும். மிஞ்சும் பணத்தை நல்ல எஞ்சினிலும் வார்ப்பிரும்புக் கியர் பெட்டியிலும் போடச் சொல்லுங்கள்.

இரவில் பொடியாக விழும் பனியை எந்த இயந்திரமும் அள்ளிவிடும். சிக்கல் எல்லாம், தெருவைத் துப்புரவாக்கும் வண்டி விடியற்காலையில் டிரைவ்வே வாசலில் ஒதுக்கிவிட்டுப் போகும் குவியலில்தான் இருக்கிறது. வயல்வரம்புபோல் நீளமாகக் கிடக்கும் அது, உப்பும் சேறும் கலந்து, கொஞ்ச நேரத்திலேயே இறுகிவிடும். ஒற்றை நிலை இயந்திரத்தின் ரப்பர் துடுப்பு அதன்மேல் ஏறித் துள்ளும். இரண்டு நிலையிலோ, முன்னே சுழலும் இரும்புத் திருகு கட்டிகளை நொறுக்கி நடுவுக்கு இழுத்துக் கொடுக்க, பின்னால் இருக்கும் விசிறி அதை வாங்கிக் குழாய் வழியே தூர எறிகிறது. வாய் அகலமாக அகலமாக எஞ்சினுக்குச் சுமையும் கூடும் என்பதால், 200 முதல் 250 சிசி வரையான எஞ்சினுக்கு 24 அங்குலமே வசதியான அளவு. கராஜில் நிறுத்த இடமும் குறைவாகவே பிடிக்கும்.

திருகைத் தண்டோடு பிணைக்கும் ஷியர் பின் என்னும் சிறிய ஆணிகளில் கூடுதலாகச் சில வாங்கி வைக்க வேண்டும். ஒருமுறை, பிளாஸ்ரிக் உறையோடு பனிக்குள் புதைந்திருந்த பத்திரிகைச் சுருளைத் திருகு விழுங்கிவிட்டது. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, திருகின் ஒரு பக்கம் மட்டும் அசையாமல் நின்றது. கியர் பெட்டி போய்விட்டது என்று பதறினேன். உண்மையில் அதைக் காப்பாற்றுவதற்காகவே அந்த ஆணி முறிந்திருந்தது. அதன் இடத்தில் கடினமான சாதாரண போல்ட்டைப் பூட்டினால், அடுத்த முறை முறிவது கியர் பெட்டியாகத்தான் இருக்கும்.

சரளைக்கல் தரையென்றால், பக்கவாட்டுச் சறுக்குக் கட்டைகளைச் சரிசெய்து வாயைச் சற்று உயர்த்த வேண்டும். இல்லாவிட்டால் கல் பறக்கும். பனிக்காலம் முடிந்ததும் பெற்றோலை வடிக்காமல் விட்டால் காபரேற்றர் அடைத்துக்கொள்ளும்.

எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது ஒன்று உண்டு. ஈரப்பனி குழாயை அடைக்கும்போது, எஞ்சினை நிறுத்திவிட்டோம் என்ற தைரியத்தில்கூட கையை உள்ளே விடக்கூடாது. இறுகி நின்ற விசிறி, அடைப்பு விலகிய கணமே ஒரு சுற்றுச் சுற்றக்கூடும். என் பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு விரல் நுனிகளை அப்படித்தான் இழந்தார். அடைப்பை எடுப்பதற்கென்றே இயந்திரத்தோடு ஒரு கோல் வரும். கடையில் பார்க்கும்போதே அது எங்கே செருகப்பட்டிருக்கிறது, தடித்த கையுறையோடு அதை எடுக்க முடிகிறதா என்று அண்ணாவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.