லத்தியில் செம்பழுப்புப் புழுக்கள்: ஃபென்பெண்டசோல் ஏன் உதவவில்லை?

குதிரையின் முன்னங்கால் மயிரில் மஞ்சள் புள்ளிகளும் லத்தியில் தடித்த செம்பழுப்புப் புழுக்களும் காணப்படுவதாகவும், ஃபென்பெண்டசோல் என்ற குடற்புழு மருந்து கொடுத்தும் பயனில்லை, லத்திப் பரிசோதனையிலும் எதுவும் தெரியவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். இவை பெரும்பாலும் குதிரை மயிரில் முட்டையிடும் பாட் ஈ (bot fly) என்ற ஈயின் இளம்புழுக்களே. அந்தப் புள்ளிகள் ஈ ஒட்டிச் சென்ற முட்டைகள். குதிரை காலை நக்கும்போது வாயின் சூட்டிலும் ஈரத்திலும் அவை பொரிந்து, வெளிவரும் இளம்புழுக்கள் நாக்கிலும் ஈறுகளிலும் சில வாரங்கள் துளைத்துக் கிடந்து, பின்னர் இரைப்பைச் சுவரை வாய்க்கொக்கிகளால் பற்றிக்கொண்டு 8 முதல் 10 மாதங்கள் வரை தங்கிவிடுகின்றன. இளம்புழு முட்டையிடாது என்பதால், முட்டைகளைத் தேடும் பரிசோதனையில் அது அகப்படுவதில்லை.

ஃபென்பெண்டசோல் இவற்றைக் கொல்லாது. ஐவர்மெக்டின், ஒரு கிலோ உடல் எடைக்கு 0.2 மில்லிகிராம் என்ற அளவில், கொல்லும். மாக்ஸிடெக்டினும் பயன்படும், ஆனால் மெலிந்த குதிரைக்கும் சிறு குட்டிக்கும் அதைக் கால்நடை மருத்துவரைக் கேளாமல் தர வேண்டாம். ஈக்களின் பருவம் ஓய்ந்தபின் கொடுப்பதே முழுப் பயன் தரும்.

முட்டைகள் வெறும் கழுவலுக்கு அசையாதபடி ஒவ்வொரு மயிரிலும் இறுக ஒட்டியிருக்கும். மழுங்கிய கத்தியால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். அப்போது கையுறை அணியுங்கள், கண்ணைத் தொடாதீர்கள். முட்டையிலிருந்து பொரிந்து வந்த புழு மனிதக் கண்ணிலும் அரிதாக நுழைவதுண்டு. வெளியேறும் புழுக்கள் மண்ணில் கூட்டுப்புழுவாகி மீண்டும் ஈயாகும் என்பதால், லத்தியை அன்றாடம் அகற்றிவிடுங்கள்.