முதலில் பாக்கெட், அப்புறம் உறை – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கைவேலை பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். போன வருடம்தான் நிட்டிங் பழகினேன். நிட் (நேர்க் கண்ணி), பர்ல் (அதன் மறுபக்கமாக வரும் கண்ணி) என்ற இரண்டு அடிப்படைப் பின்னலும் தெரியும், வட்டமாகப் பின்னவும் ஓரளவு வரும். அலுவலகத்தில் என்னோடு வேலை பார்த்த எட்டுப் பேரிடம் விடைபெறப் போகிறேன். ஆளுக்கு ஒன்றாகக் காபிக் கோப்பைக்குக் கம்பளி உறை பின்னி, அதில் ஒரு சின்ன பாக்கெட்டும் வைத்துத் தரலாம் என்று எண்ணம்.

முதல் உறை சரியாக வரவில்லை. கோப்பையின் சுற்றளவை அளந்து அதே அளவுக்குப் பின்னினேன், மாட்டினால் வழுக்கி இறங்கிவிடுகிறது. பாக்கெட்டில் ஒரு வாழ்த்து அட்டையைப் படுக்கவைத்துச் செருகினால் வாய் பிளந்து முன்னால் தொங்குகிறது. தவிர, இந்த உறை உண்மையிலேயே சூட்டைக் காக்குமா?

இன்னொன்றும் கேட்க வேண்டும். ஒரு மாலைக்குள் முடிந்துவிடும் இவ்வளவு சின்ன பொருளைப் பரிசு என்று நீட்டுவது மரியாதையாக இருக்குமா? ஸ்வெட்டர், சால்வை என்று பின்னுகிறவர்களுக்கு நடுவில் இது கண்துடைப்பாகத் தோன்றிவிடுமோ என்று தயக்கமாக இருக்கிறது.

அன்புடன்,
ம.

அன்புள்ள ம.,

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அந்தத் தயக்கம் தீராமல் நீங்கள் ஊசியை எடுத்தால் எட்டு உறையும் அவசரத்தில் செய்தவையாகவே வந்து சேரும்.

ஒரு ஸ்வெட்டரின் உடல் பகுதிக்கு மட்டும் 25,000 கண்ணிகள் (ஊசியில் பின்னும் நூல் வளையங்கள்) வரை ஆகலாம். நீங்கள் செய்யப் போகும் உறைக்கு ஆயிரத்துச் சொச்சம் போதும். வாங்குகிறவர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை. ஸ்வெட்டர் தோளில் இடித்தாலோ கை நீண்டாலோ பெட்டிக்குள் போய்விடும், எத்தனை மாத உழைப்பாக இருந்தாலும் சரி. தான் தினமும் குடிக்கும் கோப்பைக்குக் கச்சிதமாகப் பொருந்தும் உறையோ மறுநாள் காலையிலேயே உபயோகத்துக்கு வந்துவிடும். பரிசில் நான் பார்ப்பது இந்தப் பொருத்தத்தைத்தான். அவர் எந்தக் கோப்பையில் குடிக்கிறார், பால் சேர்ப்பவரா, கிரீன் டீ குடிப்பவரா, இடது கைக்காரரா என்று கவனித்துச் செய்த பொருள் சின்னதாக இருந்தாலும் கண்துடைப்பு ஆகாது. எட்டுப் பேரோடு தினமும் உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறீர்கள். இதெல்லாம் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

சரி, வேலைக்கு வருவோம். உறையை முழுதாகப் பின்னிவிட்டு, மீந்த நூலில் ஒரு சதுரம் செய்து முன்பக்கம் தைத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பெரும்பாலோர் அப்படித்தான் செய்கிறார்கள். நான் தலைகீழாகச் சொல்வேன். பாக்கெட்டுக்குள் என்ன போகப் போகிறது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அந்தப் பொருளைக் கையில் வைத்து அளந்து, அதைச் சுற்றி பாக்கெட்டையும், பாக்கெட்டைச் சுற்றி உறையையும் யோசியுங்கள். உறைகள் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். யாருக்காகச் செய்தீர்கள் என்று காட்டுவது பாக்கெட்தான்.

உங்கள் அட்டை ஏன் பிளந்து நின்றது என்று பாருங்கள். வங்கி அட்டை, பரிசு அட்டை எல்லாமே உலகம் முழுக்க ஒரே அளவு: 85.6 மி.மீ. நீளம், 54 மி.மீ. அகலம். சாதாரண மக் ஒன்றின் விட்டம் 8 செ.மீ. சுமார். அட்டையைப் படுக்கவைத்தால் அது கோப்பையை விடவே அகலம்! வளைந்த பரப்பின் மேல் வளையாத அட்டை நிற்கும்போது இரு ஓரங்களும் வெளியே நீட்டிக்கொண்டுதான் இருக்கும், எவ்வளவு இறுக்கமாகப் பின்னினாலும் பயனில்லை. நிமிர்த்தி வைத்தால் 54 மி.மீ. பக்கம்தான் வளைவின் மேல் வருகிறது. அப்போதும் ஓரத்தில் ஒரு செ.மீ. அளவுக்கு இடைவெளி இருக்கும், ஆனால் கம்பளி அதைத் தாங்கிக்கொள்ளும். உங்கள் வாழ்த்து அட்டையையும் இந்த அளவுக்கு வெட்டி நிமிர்த்தி வையுங்கள். மெல்லிய காகிதம் என்றால் இந்தக் கவலையே இல்லை, கோப்பையோடு வளைந்துவிடும். எனக்குப் பிடித்தது அதுதான்: இரண்டாக மடித்த ஒரு கடிதம், கூடவே ஒரு டீ பை. கடிதத்தைப் பென்சிலிலோ பால்பாயிண்ட் பேனாவிலோ எழுதுங்கள். மைப்பேனா எழுத்து ஒரு சொட்டுப் பட்டாலே கரையும்.

சாக்லேட் வைக்க ஆசை வரும். கொடுக்கும் அன்றைக்கு மட்டும் என்றால் வைக்கலாம். ஆனால் கோகோ வெண்ணெய் ஏறத்தாழ 34 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும், காபி ஊற்றிய கோப்பையின் வெளிப்புறம் அதைவிட நிறையவே சுடும். எடுக்க மறந்தால் கம்பளியில் அந்தக் கறை லேசில் போகாது.

இப்போது உறை. வழுக்கியதற்குக் காரணம் நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: சுற்றளவும் உறையும் ஒரே அளவு. பின்னல் துணி இழுபட்டு நின்றால்தான் பிடிக்கும். சுற்றளவில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்துக்கொள்ளுங்கள். கோப்பை 25 செ.மீ. சுற்று என்றால் உறை 22 முதல் 22.5 வரை. நடுத்தரக் கனமுள்ள நூலில், 4.5 அல்லது 5 மி.மீ. ஊசியில், பலருக்கும் 10 செ.மீ.க்கு 18 கண்ணி வரும். அந்தக் கணக்கில் 40 கண்ணி ஏற்றினால் 22 செ.மீ. சொச்சம். உங்கள் கை இறுக்கமா தளர்வா என்பது முதல் உறையை அளந்தாலே தெரிந்துவிடும், தனியாக அளவுத் துண்டு பின்ன வேண்டியதில்லை.

உறை முழுக்க ரிப் பின்னலாக, அதாவது நிட்டும் பர்லும் மாறி மாறி வரும்படி, போட்டால் நன்றாகப் பிடிக்கும், ஆனால் ரிப்பின் மேல் தைத்த பாக்கெட் சீராக நிற்காது. அடியில் உள்ள துணி மாட்டும்போது விரிந்து, கழற்றும்போது சுருங்குகிறது, பாக்கெட் அப்படியே இருக்கிறது. அதனால் 40 கண்ணியில் 14 கண்ணியை வெறும் நிட்டாக விட்டுவிடுங்கள். அதுதான் பாக்கெட் உட்காரும் இடம். மீதி 26-ல் இரண்டு பர்ல், அப்புறம் இரண்டு நிட் இரண்டு பர்ல் என்று ஆறு முறை. இப்படிப் போட்டால் சமதளமான பட்டையின் இரண்டு பக்கமும் பர்ல் வந்து அதை எடுப்பாகக் காட்டும், இழுவை முழுவதையும் ரிப் பார்த்துக்கொள்ளும். இரண்டு விளிம்பிலும் மட்டும் நாலைந்து வரிசை முழுக்க ரிப் போடுங்கள், இல்லாவிட்டால் நிட் பட்டை சுருண்டுகொள்ளும். 9 செ.மீ. உயரம் வந்ததும் முடிக்கலாம். முடிக்கும்போது கண்ணிகளைத் தளர்வாக மூடுங்கள். இறுக்கி மூடினால் வாய் விரியாது, கோப்பை உள்ளே போகாது. ஒரு அளவு பெரிய ஊசியால் மூடினால் தானாகவே தளர்ந்து வரும்.

பாக்கெட்டைத் தனியாகப் பின்னித் தைப்பதை விட, உறையிலிருந்தே கண்ணி எடுத்துப் பின்னுவது சுத்தமாக இருக்கும். கீழ் விளிம்பிலிருந்து ஒன்றரை செ.மீ. மேலே, நிட் பட்டையில் ஓரத்துக்கு ஒரு கண்ணி விட்டு, ஒரே வரிசையில் 12 கண்ணிகளை ஊசியில் எடுத்துக்கொள்ளுங்கள். வரிசை மாறினால் பாக்கெட் சாய்ந்துவிடும், அதனால் வேறு நிறத்தில் ஒரு நூலை அந்த வரிசையில் ஓடவிட்டு அதைப் பார்த்து எடுப்பது நல்லது. அங்கிருந்து முன்னும் பின்னுமாக 15, 16 வரிசை பின்னினால் 6.5 செ.மீ. உயரம் வரும். கடைசி நான்கு வரிசையை இரு பக்கமும் நிட்டாகவே, அதாவது கார்ட்டர் பின்னலாகப் போடுங்கள். வாய் சுருளாமலும் தொங்காமலும் இருப்பது இந்த நான்கு வரிசையால்தான். அகலமும் ஏறத்தாழ 6.5 செ.மீ. இருக்கும். அட்டையை நிமிர்த்தி வைத்தால் மேலே இரண்டு செ.மீ. தெரியும். தெரிவதே நல்லது, உள்ளே ஏதோ இருக்கிறது என்று பார்த்தவுடன் புரியும்.

இனி இரண்டு பக்கங்களையும் தைக்க வேண்டும். இதை மட்டும் மடியில் வைத்துச் செய்யாதீர்கள். உறையைக் கோப்பையில் மாட்டிவிட்டுத் தையுங்கள். மாட்டிய நிலையில் துணி எவ்வளவு விரிந்திருக்கிறதோ அந்த அளவில் பாக்கெட் உட்கார வேண்டும். ஊசி கோப்பையில் முட்டும், கொஞ்சம் பொறுமை வேண்டியிருக்கும், ஆனால் பாக்கெட் சீராக நிற்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

பாக்கெட் எந்தப் பக்கம் வர வேண்டும் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். கைப்பிடி உள்ள மக்கில், குடிக்கிறவர் வாய் வைக்கும் பக்கம்தான் சொட்டு வழியும். வலது கைக்காரருக்கு அது கைப்பிடிக்கு ஒரு பக்கம், இடது கைக்காரருக்கு மறுபக்கம். அவர் எந்தக் கைக்காரர் என்று தெரிந்தால் வாய்க்கு எதிர்ப்புறம், அதாவது எதிரே உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியும் பக்கத்தில் பாக்கெட்டை வையுங்கள். தெரியாவிட்டால் கைப்பிடிக்கு நேர் எதிரே. எந்தக் கையில் பிடித்தாலும் அங்கே சொட்டு அதிகம் வராது. கைப்பிடி உள்ள மக்குக்கு உறையை வட்டமாக அல்லாமல் பட்டையாகப் பின்ன வேண்டியிருக்கும். ஒரு முனையில் கைப்பிடியின் இடைவெளிக்குள் நுழையும் சிறு நாக்கு, மறுமுனையில் ஒரு பொத்தான். பொத்தான் மரமாகவோ பிளாஸ்டிக்காகவோ இருக்கட்டும். உறையோடு மைக்ரோவேவில் வைக்கக் கூடாது என்று சொன்னாலும் யாராவது வைத்துவிடுவார்கள், உலோகப் பொத்தான் அங்கே ஆபத்து.

காகிதக் கோப்பையில் குடிப்பவர் உங்கள் எட்டுப் பேரில் இருந்தால், அது அடியில் குறுகி மேலே விரியும் என்பதை மறக்க வேண்டாம். அடியிலிருந்து 4 மி.மீ. ஊசியில் தொடங்கி, நடுவில் 4.5-க்கு மாறினால் கண்ணி கூட்டாமலேயே வடிவம் வந்துவிடும். காகிதக் கோப்பைக்கு மாட்டும் அட்டை வளையத்தை அமெரிக்காவின் போர்ட்லாந்தைச் சேர்ந்த ஜே சோரென்சன் என்பவர் 1991 வாக்கில் உருவாக்கி, 1995-ல் காப்புரிமை பெற்றார். சூடான காபி மடியில் கொட்டியதுதான் அவரை யோசிக்க வைத்தது. நீங்கள் பின்னுவதும் அதே வேலையைத்தான் செய்கிறது, தூக்கிப் போடாமல் துவைத்துத் திரும்ப மாட்டிக்கொள்ளலாம்.

சூட்டைக் காக்குமா என்றால், பக்கவாட்டில் மட்டும். கம்பளி இழைகளுக்கு நடுவே அடைபட்டிருக்கும் காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது, அதனால் கை சுடாது, ஆறுவதும் சற்றுத் தாமதப்படும். ஆனால் திறந்த கோப்பையில் சூடு பெருமளவு மேலே ஆவியாகித்தான் போகிறது. மணிக்கணக்கில் சூடாக வைக்கும் என்று யாரிடமும் சொல்லிக் கொடுக்காதீர்கள், அதற்கு மூடி வேண்டும். உறை நனைந்துவிட்டால் அந்தக் காப்பும் போய்விடும். தண்ணீர் காற்றை விட 20 மடங்குக்கும் மேல் வெப்பத்தைக் கடத்தும்.

நூல் விஷயத்தில் எனக்கு உறுதியான கருத்து உண்டு: இயந்திரத்தில் துவைக்கலாம் என்று சுற்றுத்தாளில் போட்டிருக்கும் கம்பளி நூலையே எடுங்கள். சாதாரணக் கம்பளியை வெந்நீரில் போட்டுக் கசக்கினால் சுருங்கிக் கெட்டியாகிவிடும், பரிசு வாங்கியவர் அதைக் கவனமாகத் துவைப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. பருத்தி நூல் துவைக்க எளிது, ஆனால் இழுபட்டுத் திரும்பும் குணம் அதற்குக் குறைவு, உங்கள் வழுக்கல் பிரச்சினை மறுபடி வரும். அக்ரிலிக் மலிவு, நிறங்களும் ஏராளம். இஸ்திரிப் பெட்டி மட்டும் படவே கூடாது, பட்டால் தொளதொளவென்று ஆகி அப்படியே நின்றுவிடும். ஒரு உறைக்கு 20 முதல் 25 கிராம் ஆகும். 50 கிராம் கண்டு ஒன்றில் பாக்கெட்டோடு இரண்டு உறை வரலாம், ஆனால் நூல் தீர்ந்துபோகும் பயத்தோடு பின்னாதீர்கள். எட்டுக்கு ஐந்து கண்டு வாங்குங்கள்.

நிறம் அவரவர் விருப்பம். பால் சேர்த்த காபி குடிப்பவருக்கு வெள்ளை மட்டும் வேண்டாம்.

எட்டு உடல், அப்புறம் எட்டு பாக்கெட் என்று வரிசையாகச் செய்யும் யோசனை வரலாம். அப்படிச் செய்யாதீர்கள். ஒன்றை முழுதாக முடித்து, நூல் முனைகளை உள்ளே மறைத்து, கோப்பையில் மாட்டி, நிஜமாகவே சூடாக எதையாவது ஊற்றிக் கையில் பிடித்துப் பாருங்கள். பாக்கெட்டில் வைக்கப் போவதை வைத்துப் பாருங்கள். அதில் தெரியும் குறையை இரண்டாவதில் சரி செய்யலாம், எட்டு உடலும் முடிந்த பிறகு தெரிந்தால் ஒன்றும் செய்ய முடியாது. முதலில் உங்களுக்குப் பழக்கம் குறைந்தவரின் உறையைப் பின்னுங்கள். மிக நெருங்கியவருடையது நாலாவதாகவோ ஐந்தாவதாகவோ வரட்டும், அதற்குள் கை நன்றாகப் பழகியிருக்கும், கடைசி நேர அவசரமும் வந்திருக்காது. கடிதங்களையும் அந்தந்த உறை முடிந்த அன்றே எழுதிவிடுங்கள். அதன் பின்புறம் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: குளிர்ந்த தண்ணீரில் துவைத்து, பிழியாமல் துண்டில் வைத்து அழுத்தி, படுக்கையாக உலர்த்தவும்.

அன்புடன்.