வீட்டிலிருந்தே ஹை-டிக்கெட் சேல்ஸ் (விலை அதிகமானதை விற்பது) செய்யக் கற்றுத்தரும் ஆன்லைன் கோர்ஸுக்குப் பணம் கட்டலாமா?

நீங்கள் 45 ஆயிரம் கட்டலாமா என்று கேட்கிறீர்கள். நான் 70,800 கட்டியவள். அந்த வகையில் உங்களைவிட எனக்கு 25,800 ரூபாய் அனுபவம் கூடுதல்.

நீங்கள் சொல்லாவிட்டாலும் உங்கள் நிலைமை தெரிகிறது. 99 ரூபாய் வெபினார் பார்த்திருப்பீர்கள். அடுத்து இலவச ஆலோசனை என்று ஒரு போன் வந்திருக்கும். உங்களைத் தேர்ந்தெடுத்துவிட்டோம், ஸ்காலர்ஷிப் இன்று ராத்திரி வரைக்கும்தான் என்று சொல்லியிருப்பார்கள். தூக்கம் வராமல் இங்கே வந்து கேட்கிறீர்கள்.

என் கதையைச் சொல்கிறேன். திருநெல்வேலி டவுனில் ரத வீதியை ஒட்டி ஒரு நகைக்கடை. ஒன்பது வருஷமாக அங்கே சேல்ஸில் இருக்கிறேன். “விற்கத் தெரியாதவர்கள்தான் கோர்ஸைக் குறை சொல்வார்கள்” என்று யாராவது வருவார்கள், அவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு அட்சய திருதியைக்கு என் கவுண்டரில் மட்டும் அரைக் கிலோ பில் ஆகியிருக்கிறது. சேதாரத்தில் ஒரு சதவீதம் குறைக்க ஒரு மணி நேரம் மல்லுக்கு நிற்கிற வள்ளியூர் ஆச்சியையும் எனக்குச் சமாளிக்கத் தெரியும், ஆரத்தைக் கையில் வாங்கியதும் விலையைக்கூடக் கேட்காமல் லென்ஸை வைத்து ஹால்மார்க் எண்ணைத் தேடுகிற ரிட்டயர்டு வாத்தியாரையும் தெரியும். ஹை-டிக்கெட் என்ற வார்த்தைதான் தெரியாமல் இருந்தது.

பிறகு ஏன் போனாய் என்றால், கால். காலை ஒன்பதரைக்கு ஏறினால் ராத்திரி ஒன்பது வரை நிற்க வேண்டும். முட்டிக்குக் கீழே நரம்பெல்லாம் சுருட்டிக்கொண்டு பச்சையாகத் தெரிகிறது. எங்கள் அம்மா முக்கூடலில் பீடி சுற்றியவள். உட்கார்ந்தே அவளுக்கு இடுப்பு போனது, நின்றே எனக்குக் கால் போகிறது.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லியே ஆக வேண்டும். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-லேயே தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்துவிட்டது. கேரளாவில் அதற்கும் முன்னால். எங்கள் கடையிலும் ஸ்டூல் வந்தது. எண்ணி நாலு. ஆய்வுக்கு வருகிறவர் கண்ணில் படுகிற மாதிரி தூண் பக்கத்தில் போட்டார்கள். ஆள் இல்லாத மத்தியான நேரத்தில் ஒருநாள் உட்கார்ந்தேன். “என்னம்மா, உடம்புக்கு முடியலியா?” என்று சூப்பர்வைசர் அக்கறையாக விசாரித்தார். அந்த அக்கறைக்குப் பயந்து இன்றுவரை யாரும் உட்காரவில்லை. இப்போது அதில் பில் புக்கும் பழைய காலண்டரும் உட்கார்ந்திருக்கின்றன. சட்டம் போட்டவர்கள் ஒருநாள் வாடிக்கையாளர் மாதிரி வந்து பார்த்தால் நன்றாக இருக்கும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். விளம்பரத்தில் “உட்கார்ந்த இடத்தில் மாதம் ஒரு லட்சம்” என்று போட்டிருந்தது. எல்லாரும் லட்சத்தைப் பார்த்திருப்பார்கள். நான் முதல் ரெண்டு வார்த்தையைப் பார்த்தேன்.

போனில் பேசிய தம்பி நல்ல பிள்ளை, இப்போதும் அவன்மேல் கோபம் இல்லை. அரை மணி நேரம் என்னைப் பேசவிட்டான். சம்பளம் எவ்வளவு, பிள்ளைகள் எத்தனை, இந்த வேலையில் எது கஷ்டம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். காலைப் பற்றி நான்தான் சொன்னேன். “அஞ்சு வருஷம் கழிச்சும் இதே கவுண்டர்ல நின்னா உங்க கால் எப்படி இருக்கும் மேடம்?” என்றான். பதில் சொல்ல முடியவில்லை. அதன் பிறகுதான் விலையைச் சொன்னான். ஒரிஜினல் ஒன்றே கால் லட்சம், எனக்கு 60 ஆயிரம், ஜிஎஸ்டி 18 சதவீதம் தனி.

“வீட்ல கேட்டுட்டு சொல்லுதேன் தம்பி.”

“மேடம், நீங்க சம்பாதிக்கிறவங்க. உங்க கால் வலிக்கு அவர்கிட்ட ஏன் பர்மிஷன் கேக்கணும்?”

சொல்லிவிட்டு அமைதியாக இருந்தான். நானும் அமைதியாக இருந்தேன். பிறகு ஓடிபி-யைச் சொன்னேன். ஒன்பது மாத இஎம்ஐ, மாசம் 7,867. என் சம்பளம் 14 ஆயிரம்.

விஷயம் தெரிந்ததும் எங்கள் வீட்டுக்காரர் கத்தவில்லை. “ஏளா, அந்தக் காசுக்கு ஒரு சோபா வாங்கிப் போட்டிருந்தாலும் உக்காந்து இருந்திருக்கலாம்லா” என்றார். அத்தோடு சரி.

கோர்ஸ் குப்பையா என்றால், இல்லை. அதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். இதில் ரெண்டு வேலை. செட்டர் என்பவர் ஆள் பிடித்து நேரம் குறித்துக் கொடுப்பார். க்ளோசர் என்பவர் ஜூமில் முக்கால் மணி நேரம் பேசி விற்பார். க்ளோசருக்கு வசூலான பணத்தில் பத்து சதவீதம் மாதிரி கமிஷன். நிலையான சம்பளம் பெரும்பாலும் கிடையாது, வாங்கியவர் பணத்தைத் திரும்பக் கேட்டால் கமிஷனும் திரும்பப் போகும். இதையெல்லாம் தெளிவாகச் சொல்லிக் கொடுத்தார்கள். எப்படிக் கேள்வி கேட்பது, எங்கே நிறுத்துவது என்பதும் உண்மையிலேயே நல்ல பாடம்தான். அதில் பாதி எங்கள் கவுண்டரில் நடப்பதுதான், பெயர்தான் வேறு.

நாலாவது வாரம் ‘மறுப்புகளைக் கையாளுதல்’. பணம் இல்லை என்பவருக்கு ஒரு பதில், யோசிக்கிறேன் என்பவருக்கு ஒரு பதில். மூன்றாவது, வீட்டில் கேட்க வேண்டும் என்பவருக்கு. பிடிஎஃப்-ல் இப்படி இருந்தது: “நீங்க சம்பாதிக்கிறவங்க. உங்க ________-க்கு அவர்கிட்ட ஏன் பர்மிஷன் கேக்கணும்?” கோடிட்ட இடத்தில் வாடிக்கையாளர் முன்பு சொன்ன கஷ்டத்தை நிரப்ப வேண்டும் என்று கீழே குறிப்பு.

என் கால் அந்தக் கோடிட்ட இடம்.

எங்கள் கடையில் ஒரு நாளைக்கு இருபது பேராவது “வீட்ல கேட்டுட்டு வாரேன்” என்று எழுந்து போவார்கள். “சரிக்கா, மெதுவா கேட்டுட்டு வாங்க” என்று கார்டில் மாடல் எண்ணைக் குறித்துக் கொடுப்போம். சிலர் வருவார்கள், சிலர் பக்கத்துக் கடைக்குப் போவார்கள். அதை ஒரு வியாதி மாதிரி பார்த்து மருந்து கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

வேலை விஷயம். பிளேஸ்மென்ட் என்று சொன்னது ஒரு டெலிகிராம் குரூப். வெளிநாட்டு வேலைக்கு என் இங்கிலீஷ் தாங்காது, தாங்கினாலும் நியூயார்க்கில் சாயங்காலம் ஏழு மணி என்றால் கோடைகாலக் கணக்குப்படி நமக்கு விடிகாலை நாலரை. தமிழில் வந்த வேலைகளில் நான் பார்த்தவரை முக்கால்வாசி இன்னொரு கோர்ஸை விற்பதற்குத்தான் ஆள் தேடின. உடம்பு இளைக்க ஒரு கோர்ஸ், பங்குச்சந்தைக்கு ஒரு கோர்ஸ், கோர்ஸ் விற்கக் கற்றுத்தர ஒரு கோர்ஸ். எனக்குக் கிடைத்தது உடம்பு இளைக்கிறது, 40 ஆயிரம். முதலில் செட்டர், பிறகு ஆள் குறைவு என்று க்ளோசர் ஆக்கினார்கள். கடை முடிந்து வந்து ராத்திரி பத்து மணிக்குமேல் பேசுவேன்.

மூன்று வாரத்தில் ஒன்றே ஒன்று விற்றேன். நாலாயிரம் கமிஷன். அந்தப் பெண் பத்தாவது நாள் பணத்தைத் திரும்ப வாங்கிவிட்டாள், நாலாயிரமும் போனது. அடுத்து சங்கரன்கோவில் பக்கம் ஒரு அக்கா. தைராய்டு, மூச்சு வாங்குகிறது என்றெல்லாம் மனதுவிட்டுச் சொன்னார். விலையைச் சொன்னதும் “எங்க வீட்ல அவியள ஒரு வார்த்த கேட்டுக்கிடுதேன் தாயி” என்றார். பிடிஎஃப் பக்கத்திலேயே திறந்திருந்தது. கோடிட்ட இடத்துக்கு வார்த்தையும் கையில் இருந்தது. “சரிக்கா, மெதுவா கேட்டுட்டு வாங்க” என்றேன். ஒன்பது வருஷப் பழக்கம், வாய் தானாகச் சொல்லிவிட்டது. பேச்செல்லாம் ரெக்கார்டு ஆகும். மறுநாள் குரூப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

இது என் ஒருத்தி அனுபவம்தான். இங்கிலீஷும் இரவு விழிப்பும் சரிப்படுகிறவர்கள், ஆறு மாதம் வருமானம் இல்லாமல் தாக்குப்பிடிக்கிறவர்கள் சம்பாதிக்கலாம். பெங்களூரிலோ கோயம்புத்தூரிலோ இருந்து நன்றாகச் செய்கிறோம் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வரவில்லை. ஆனால் இந்த வியாபாரம் கொடிகட்டிப் பறக்கிற அமெரிக்காவிலேயே, 2021 அக்டோபரில் வர்த்தக ஆணையமான எஃப்.டி.சி., இவ்வளவு சம்பாதிக்கலாம் என்று பொய்யாக ஆசை காட்டினால் அபராதம் என்று 1,100-க்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது. இங்கேயும் கோச்சிங் விளம்பரங்களில் வேலை உத்தரவாதம் என்று பொய் சொல்லக்கூடாது என மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் விதிமுறை கொண்டுவந்திருக்கிறது. புகார் சொல்ல 1915 என்ற எண்ணுக்குப் போன் போடலாம்.

கட்டித்தான் பார்ப்பேன் என்றால் செயலிக் கடனில் கட்டாதீர்கள். ஏற்கனவே கட்டிவிட்டீர்கள் என்றால் கடன் ஒப்பந்தத்தை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். டிஜிட்டல் கடனை ஆரம்பத்தில் ஒரு குறுகிய காலத்துக்குள் அசலையும் அதுவரைக்குமான வட்டியையும் கட்டி, அபராதம் இல்லாமல் முடித்துக்கொள்ள ரிசர்வ் வங்கி விதி இடம் தருகிறது. கோர்ஸ்காரரிடமிருந்து பணத்தைத் திரும்ப வாங்குவது தனிப் போராட்டம், அதுவும் சேர்த்துத்தான் சொல்கிறேன். எனக்கு இதெல்லாம் மூன்றாவது தவணை கட்டும்போதுதான் தெரிந்தது.

கட்டவில்லை என்றால் அந்தத் தம்பிக்கு நாளைக்குப் போன் போட்டு, வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். கோடிட்ட இடத்தில் உங்களுடைய எதை நிரப்பினான் என்று இங்கே வந்து எழுதுங்கள்.