‘நிறைஞ்சிருக்கு’ என்றால் பையை எடு

கேள்வி: வீட்டில் அரிசி தீர்ந்துபோனால் என் பாட்டி ‘அரிசி நிறைஞ்சிருக்கு, வாங்கிட்டு வா’ என்கிறார். விளக்கை ‘அணை’ என்றால் திட்டுகிறார். ‘மலையேத்து’ என்று சொல்ல வேண்டுமாம். உள்ளதை உள்ளபடி சொல்லாமல் இப்படிப் பேசுவதும் பொய்தானே? (வாசகர், மன்னார்குடி)

பதில்: இல்லை. பொய் என்றால் அதைக் கேட்டு ஒருவர் ஏமாந்திருக்க வேண்டும். பாட்டி சொன்னதும் நீங்கள் பையை எடுத்துக்கொண்டு கடைக்குத்தானே கிளம்பினீர்கள்? இதில் யார் ஏமாந்தது?

பொருள் வெளிப்படையாகவும் வரும், குறிப்பாகவும் வரும் என்று தொல்காப்பியர் தன் நூலின் பெயரியல் என்ற பகுதியிலேயே சொல்லிவிட்டார். உங்கள் பாட்டியைப் போல அமங்கலமானதை நல்ல சொல்லால் சொல்வதற்கு நன்னூல் என்ற இலக்கண நூல் தரும் பெயர் மங்கலம். செத்தவரைத் ‘துஞ்சினார்’ என்பதும், தாலிக்கயிறு அறுந்தால் ‘பெருகிடுச்சு’ என்பதும் அந்த வகைதான்.

நேர்ப்பொருளை மறந்துவிட்டுப் பேசுகிறார்கள் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். எந்த வீட்டுக்குப் போனாலும் ‘போயிட்டு வர்றேன்’ என்று சொல்லிக் கிளம்புகிற நாம், துக்க வீட்டில் மட்டும் ஒன்றும் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிடுகிறோம். ‘வர்றேன்’ என்பதற்குள் ‘மறுபடி வருவேன்’ என்ற பொருள் இன்னும் உயிரோடு இருப்பதால்தான் அங்கே அந்தச் சொல் தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. பள்ளிக்கூடம் பார்க்காத கிழவிக்கும் இது தெரியும்.

நீங்கள் கோபப்பட வேண்டிய இடம் வேறு. சில வருஷங்களுக்கு முன் ஒரு சான்றிதழுக்காக ஓர் அலுவலகத்துக்கு நடையாய் நடந்தேன். மூன்றாம் நாள், மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் ஃபைலை மூடிவிட்டு, ‘கொஞ்சம் கவனிச்சுட்டுப் போங்க சார்’ என்றார். ‘எதைக் கவனிக்கணும்?’ என்று கேட்டேன். ‘நான் ஒண்ணும் கேக்கலையே சார்!’ என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். குறிப்புப் பொருள் காசு கேட்கிறது; எதிர்த்துக் கேட்டால் நேர்ப்பொருள் ஓடி வந்து காப்பாற்றுகிறது. பெண் பார்க்க வந்து பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு ‘ஊருக்குப் போய் கடுதாசி போடறோம்’ என்பவர்களும் இந்த ரகம்தான். அதை அப்படியே நம்பி வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தகப்பன் இருக்கிறாரே, அவர்தான் உண்மையில் ஏமாந்தவர்.

பாட்டியிடம் சண்டைக்குப் போகாதீர்கள். அடுத்த தடவை ‘நிறைஞ்சிருக்கு’ என்றால், ‘எத்தனை கிலோ வாங்கணும் பாட்டி?’ என்று மட்டும் கேளுங்கள்.