அம்மாவுக்கு முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைடிஸ் என்னும் மூட்டு நோய்). மெத்தோட்ரெக்சேட் எழுதியிருக்கிறார்கள். அது புற்றுநோய் மருந்தாமே, கொடுக்கலாமா?

கூகுளில் தேடிப் பார்த்துப் பயந்து போய்க் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அம்மா மாத்திரையைத் தொடாமல் பீரோவில் வைத்திருப்பார். "கேன்சர் மாத்திரையா கொடுத்திருக்காங்க?" என்று யாராவது ஒரு சித்தி கேட்டிருப்பார். எங்கள் வீட்டில் கேட்டது நாத்தனார்.

புற்றுநோய்க்கு வந்த மருந்து என்பது உண்மைதான். 1940களில் அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகத்தில் உருவானது. அங்கே ஆராய்ச்சிக்குத் தலைவராக இருந்தவர் நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்ரகட சுப்பாராவ். முடக்குவாதத்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 1988இல். முடக்குவாதக்காரர்களுக்கு வாரத்துக்கு 7.5 முதல் 25 மில்லிகிராம் வரை கொடுப்பார்கள். சில புற்றுநோய்களுக்குக் கொடுப்பது இதைவிடப் பல மடங்கு.

'வாரத்துக்கு' என்பதை இன்னொரு முறை படியுங்கள். நான் இதை எழுதுவதே அந்த ஒரு சொல்லுக்காகத்தான்.

எனக்கும் இதே முடக்குவாதம்தான். 2014இல் எனக்கு முப்பத்தாறு வயது. காலையில் எழுந்தால் ஒன்றரை மணி நேரம் விரல் மடங்காது, குக்கர் மூடியைத் திறக்க மகனைக் கூப்பிட வேண்டும். டாக்டர் 15 மில்லிகிராம் மாத்திரை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்று தெளிவாகத்தான் சொன்னார். மருந்துக் கடைப் பையன் கவரில் 'காலை 1' என்று எழுதிக் கொடுத்தான். கூடவே பக்கவிளைவைக் குறைக்க போலிக் ஆசிட் என்ற வைட்டமின். இரண்டுமே மஞ்சள் மாத்திரை. எது தினமும், எது ஞாயிறு என்ற குழப்பத்தில் கவரைத்தான் நம்பினேன். ஆறு நாள் தினமும் போட்டேன்.

ஆறாம் நாள் வாயெல்லாம் புண். கஞ்சி கூட இறங்கவில்லை. நாக்கில் உப்புப் பட்டால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். சூடு என்று சொல்லி மாமியார் இளநீர் வாங்கிக் கொடுத்தார். எட்டாம் நாள் காய்ச்சல். ரத்தப் பரிசோதனையில் வெள்ளை அணுக்கள் இரண்டாயிரத்துக்கும் கீழே. மெத்தோட்ரெக்சேட்டின் நச்சை முறிக்கும் லூகோவோரின் ஊசி போட்டு ஒன்பது நாள் படுக்க வைத்தார்கள். வார்டில் ஒரு நர்ஸ், "படிச்சவங்க தானே நீங்க?" என்றார். அது இன்னும் வலிக்கிறது.

அப்படியும் நான்கு மாதம் கழித்து அதே மருந்தைத்தான் குறைந்த அளவில் திரும்ப ஆரம்பித்தேன். உடனே கேட்காது, எனக்கு இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. இப்போது குக்கரை நானே திறக்கிறேன். காலண்டரில் ஒவ்வொரு ஞாயிறும் சிவப்புப் பேனாவால் வட்டம். ரத்த எண்ணிக்கையும் கல்லீரலும் டாக்டர் சொன்ன தேதியில் பார்த்துவிடுகிறேன்.

நான் டாக்டர் இல்லை. "மருந்துக் கம்பெனிக்கு வக்காலத்தா?" என்று கேட்க வருகிறவர்களுக்கு: இது விலை குறைந்த பழைய மருந்து, எனக்கு யாரும் காசு தருவதில்லை. சித்த மருத்துவத்தையும் குறை சொல்லவில்லை. ஆனால் பொட்டலத்தில் பெயர் எழுதாத பொடி வாங்கிச் சாப்பிட்டு, இரண்டே நாளில் வலி பறந்துவிட்டது என்று யாராவது சொன்னால், உள்ளே ஸ்டீராய்டு இருக்குமோ என்று சந்தேகப்படுவேன்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. 2020இல் கொரோனாவுக்கு என்று, முடக்குவாதத்துக்கும் கொடுக்கும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரையை ஆளாளுக்கு வாங்கிப் பதுக்கினார்களே, வருடக்கணக்கில் அதைச் சாப்பிட்டு வந்த எங்களைப் பற்றி ஒருவராவது நினைத்தார்களா? சீட்டைக் காட்டியும் ஐந்து கடை ஏறி இறங்கினேன். ஒரு கடைக்காரர், "கொரோனா வந்தா அப்போ பாத்துக்கலாம்மா, இப்ப எதுக்கு?" என்றார்.

சரி, அம்மாவின் மாத்திரைக் கவரை எடுத்துப் பாருங்கள். கிழமை எழுதியிருக்கிறதா?