கேள்வி–பதில்: பேஸ் கிட்டார் எங்கே?

கே: கல்லூரியில் படிக்கும் என் மகன் 'தி பிளாக் கீஸ்' என்ற அமெரிக்கக் குழுவின் 'திக்ஃப்ரீக்னஸ்' ஆல்பத்தை ஓயாமல் போடுகிறான். எனக்கு ஸ்பீக்கர் கிழிந்துபோன மாதிரிதான் கேட்கிறது. ஒலிப்பதிவே சரியில்லையா, வேண்டுமென்றே இப்படிச் செய்கிறார்களா?
– ஒரு வாசகி, திருநெல்வேலி

ப: ஸ்பீக்கருக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தக் கரகரப்புக்காகவே நான் இந்த ஆல்பத்தை இத்தனை வருடமாகக் கேட்கிறேன்.

இதை வாசித்தவர்கள் இரண்டே பேர். டான் ஆவர்பாக் கிட்டார் வாசித்துப் பாடுகிறார், பேட்ரிக் கார்னி டிரம்ஸ். ஓஹையோ மாநிலத்தில் டயர் கம்பெனிகளால் பேர்பெற்ற ஆக்ரன் நகரத்துப் பையன்கள். 2002 டிசம்பரில், கார்னி வீட்டு நிலவறையில், 14 மணி நேரம் ஒரே மூச்சில் உட்கார்ந்து ஆல்பத்தின் பெரும்பகுதியைப் பதிவு செய்துவிட்டார்கள். கருவி, 1980களின் தொடக்கத்தில் வந்த டாஸ்காம் 388 என்ற, எட்டு ஒலித்தடங்களைத் தனித்தனியாகப் பதியும் டேப் ரெக்கார்டர். இசைத்தட்டுக் கம்பெனி கொடுத்த சின்ன முன்பணம் வீட்டு வாடகைக்கே போய்விட்டது, ஸ்டுடியோவுக்குக் காசில்லை. ஆகவே கொஞ்சம் வறுமை, கொஞ்சம் விருப்பம், இரண்டும் சேர்ந்ததுதான் அந்தச் சத்தம்.

கரகரப்பு வெறும் அலங்காரம் இல்லை, அதற்கு ஒரு வேலை இருக்கிறது. ராக் குழுவில் கீழ்ஸ்தாயியைத் தாங்குவது பேஸ் கிட்டார். இங்கே அது கிட்டத்தட்டக் கிடையாது. ஆம்ப்ளிஃபையரை அதன் சக்திக்கு மீறித் திணறவிட்டால் ஒலி அலையின் முகடுகள் வெட்டுப்படும், வாசித்த சுரத்தோடு சேர்ந்து மேல்சுரங்கள் பல கிளம்பும். ஒற்றைக் கிட்டார் அகலமாகி, காலியாகக் கிடக்கும் இடத்தை நிரப்பிவிடும். சுத்தமான ஒலியில் இதே பாட்டுகளை வாசித்தால் ஒல்லியாக, பாதி ஆள் வராத ஒத்திகை மாதிரி இருக்கும்.

ஏழாவது பாட்டு, 'எவ்ரிவேர் ஐ கோ'. அதை மட்டும் மகனிடம் ஹெட்போன் வாங்கிப் பொறுமையாகக் கேளுங்கள். ஒரே கிட்டார் வரி திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கும். 'அடுத்து எங்கே போகப் போகிறது?' என்று காத்திருந்தால் எரிச்சல்தான் மிஞ்சும், அது எங்கேயும் போகாது. ஆவர்பாக் ஒரு சுரத்தை இழுத்து நிறுத்தும்போது கார்னி எவ்வளவு பலமாக அடிக்கிறார், எப்போது கையைத் தளர்த்துகிறார் என்று கவனியுங்கள். இருவருக்கும் நடுவே இருக்கும் வெற்றிடம் காதில் விழ ஆரம்பிக்கும். அது விழுந்துவிட்டால் ஆல்பம் பிடித்துவிடும். 11 பாட்டு, மொத்தம் நாற்பது நிமிடம்கூட இல்லை.

கே: வெள்ளைக்காரப் பையன்கள் அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ் இசையை எடுத்து வாசிப்பது திருட்டு இல்லையா?
– கல்லூரி மாணவர், கோவை

ப: கேட்கவேண்டிய கேள்விதான். ராக் வரலாற்றில் பேர் சொல்லாமல், காசு கொடுக்காமல் எடுத்துக்கொண்ட கதைகள் நிறைய உண்டு.

மேலே சொன்ன 'எவ்ரிவேர் ஐ கோ' ஜூனியர் கிம்ப்ரோவின் பாட்டு. 1930இல் பிறந்தவர், மிசிசிப்பி மாநிலத்தின் வடக்கு மேட்டுப் பகுதிக்காரர். அந்தப் பக்கத்து ப்ளூஸில் கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டங்கள்) அதிகம் மாறாது. கட்டைவிரல் கீழ்க்கம்பியில் ஒரே சுரத்தை மீட்டிக்கொண்டே இருக்க, மேலே பாட்டு சுழலும். சூலஹோமாவில் அவர் நடத்திய மதுக்கடையில் இதற்கு ஜனங்கள் ஆடுவார்கள். ஊருக்கு வெளியே அவரை அதிகம் பேருக்குத் தெரியாது. முதல் ஆல்பம் வந்தது 1992இல், அறுபதைத் தாண்டிய பிறகு. 1998இல் காலமானார். 2000இல் அந்தக் கடையும் எரிந்துபோனது.

'திக்ஃப்ரீக்னஸ்' 2003இல் வெளிவந்தது கிம்ப்ரோவின் அதே ஃபேட் பாசம் இசைத்தட்டுக் கம்பெனியில். 2006இல் பிளாக் கீஸ் 'சூலஹோமா' என்று அந்த ஊர்ப் பேரையே வைத்து, முழுக்க அவர் பாட்டுகளாக ஒரு இசைத்தட்டு போட்டார்கள். அதன் கடைசியில் கிம்ப்ரோவின் மனைவி தொலைபேசியில் விட்ட செய்தி இருக்கிறது, அவர் இவர்களின் வாசிப்பை மனமாரப் பாராட்டுகிறார். பேரைச் சொல்லி, மூலத்தை நோக்கி ஆளைத் திருப்பிவிடுகிறவனை நான் திருடன் என்று சொல்லமாட்டேன். ஆனால் பிளாக் கீஸோடு நின்றுவிடுகிற ரசிகர்மேல் எனக்கு வருத்தம் உண்டு. தம்பி, இன்றைக்கே கிம்ப்ரோவின் 'ஆல் நைட் லாங்' கேளுங்கள். அதில் பேஸ் கிட்டார் உண்டு. இந்தப் பையன்கள் எதை விட்டார்கள், எதை வைத்துக்கொண்டார்கள் என்பது பளிச்சென்று தெரியும்.

கே: இரண்டு பேர் குழு என்பது 'ஒயிட் ஸ்ட்ரைப்ஸ்' என்ற இருவர் ராக் குழுவைப் பார்த்து வந்த ஐடியாதானே?
– ஒரு வாசகர், புதுச்சேரி

ப: டெட்ராய்ட்டின் ஒயிட் ஸ்ட்ரைப்ஸ் மூத்தவர்கள், 1997லேயே தொடங்கிவிட்டார்கள். ஆனால் ஆக்ரனில் நடந்தது வேறு. ஆவர்பாக் அப்போது வைத்திருந்த குழுவுக்கு டெமோ, அதாவது மாதிரிப் பாட்டுகள், பதிவு செய்து தருவதாகக் கார்னி ஒப்புக்கொண்டார். குறித்த நாளில் குழுவில் மற்றவர்கள் வரவில்லை. சரி, வந்ததுக்கு நாமே வாசிப்போம் என்று இருவரும் உட்கார்ந்தார்கள். அப்புறம் மூன்றாவது ஆளைத் தேடவில்லை.

கே: இதையெல்லாம் எல்.பி. தட்டில் கேட்டால்தான் உண்டு என்கிறார் நண்பர். வாங்கலாமா?
– ஒரு வாசகர், சேலம்

ப: பிரியமிருந்தால் வாங்குங்கள், அவசியமில்லை. போனின் சின்ன ஸ்பீக்கரில் மட்டும் கேட்காதீர்கள். கிட்டாரின் கீழ்க்கம்பிகள் காணாமல் போய் வெறும் இரைச்சல்தான் மிஞ்சும். சுமாரான ஹெட்போன் போதும். அதில் கீழ்ஸ்தாயியைக் கூட்டிக் காட்டும் 'பேஸ் பூஸ்ட்' என்று ஒன்று இருந்தால் அணைத்துவிடுங்கள்.