தாலியன் அலுவலகத்துக்குப் போகும் மகனைப் பற்றி, அம்மாவுக்கு

அம்மா, வணக்கம்.

ஜப்பானியரும் சீனரும் ஒரே அலுவலகத்தில் இருந்தால் சண்டைதான், நடுவில் என் பிள்ளை மாட்டிக்கொள்வானே என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் மகன் போகும் தாலியன், வடகிழக்குச் சீனாவில் உள்ள துறைமுக நகரம்; அதைப் பொறுத்தவரை அவ்வளவு பயம் வேண்டாம். ஜப்பானிய நிறுவனங்களின் மென்பொருள், கணக்கு வேலைகளைப் பல ஆண்டுகளாகச் செய்துவரும் ஊர் அது. ஜப்பானிய மொழியைச் சரளமாகப் பேசும் சீனர்கள் அங்கே ஏராளம்.

உரசல் வருவது பெரும்பாலும் எப்போது தகவல் சொல்வது என்பதில்தான். வேலை பாதியில் இருக்கும்போதே எதுவரை வந்திருக்கிறது, எங்கே தடங்கல் என்று ஜப்பானிய மேலாளருக்குத் தெரிந்தாக வேண்டும். கெட்ட செய்தியானால் இன்னும் சீக்கிரம். 'ஹோரென்சோ' என்ற இந்தப் பழக்கத்தைப் புதிதாகச் சேர்பவர்களுக்கு ஆரம்பத்திலேயே சொல்லிக்கொடுப்பார்கள். சீன ஊழியர்கள் பலருக்கோ, ஒப்படைத்த வேலையை முடித்துக் காட்டுவதுதான் திறமை. நடுநடுவே கேட்டால், நம்மேல் நம்பிக்கை இல்லையோ என்று மனம் சுருங்கும். அவர்கள் பேசாமல் இருந்தால் மேலாளருக்கு எதையோ மறைக்கிறார்களோ என்று தோன்றும். இதில் யார்மீதும் தப்பில்லை அம்மா. உங்கள் மகன் தினமும் கிளம்பும் முன் எது முடிந்தது, எது நிற்கிறது என்று நான்கு வரி மின்னஞ்சல் அனுப்பட்டும். பாதிப் பிரச்சினை அதிலேயே தீரும்.

கூட்டத்திலும் இப்படித்தான். ஜப்பானியர்கள் ஒவ்வொருவரிடமும் முன்பே தனியாகப் பேசி ஒத்துக்கொள்ள வைத்துவிட்டுத்தான் கூட்டத்துக்கு வருவார்கள். சீன நண்பர் அங்கேயே மறுப்பைச் சொல்லி, அங்கேயே முடிவையும் எதிர்பார்ப்பார். கூட்டத்துக்கு முந்தைய நாளே உங்கள் மகன் இரு தரப்பிடமும் பேசிவிடுவது நல்லது.

சீனாவில் மதியச் சாப்பாட்டுக்குப் பின் மேசையிலேயே கண்ணயர்வது சகஜம். அந்த நேரத்தில் போய் எழுப்பக் கூடாது.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். தாலியன் 1905 முதல் 1945 வரை ஜப்பானின் பிடியில் இருந்த ஊர். 1931 செப்டம்பர் 18 அன்று ஷென்யாங் அருகே நடந்த சம்பவத்தைச் சாக்காக வைத்துத்தான் ஜப்பானியப் படை வடகிழக்குச் சீனாவைப் பிடித்தது. அந்தத் தேதியில் விருந்து, கொண்டாட்டம் வேண்டாம். போரைப் பற்றி யாரிடமும் வேடிக்கையாகப் பேசவே கூடாது.

ஜப்பானிய மொழித் தேர்வில் என்2 நிலைத் தேர்ச்சி அவனுக்குப் போதும் என்று நினைக்கிறீர்கள். மேலாளரிடம் பேச அது உதவும். பக்கத்து இருக்கைக்காரரோடு பழகச் சீனமொழி வேண்டும், இப்போதே தொடங்கட்டும். சேரும் முன், அறிக்கை எந்த மொழியில், விடுமுறை எந்த நாட்டுக் கணக்கில் என்று மனிதவளத் துறையிடம் எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். சீனப் புத்தாண்டுக்கு அங்கே அலுவலகம் மூடியிருக்கும்போது ஜப்பானில் தலைமையகம் வேலை செய்துகொண்டிருக்கும்.